ஏழு மணிக்கும் எரிந்த விளக்கு

மணி ஏழு தாண்டி எட்டு நிமிடம் ஆகிவிட்டது. எதிர் வீட்டு வாசல் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது...

ஆதிலட்சுமி செருப்பைக்கூடப் போடாமல் சந்தில் இறங்கினாள்.

முதலியார்பேட்டை செங்கேணித் தெருவில் ஒரு விளக்கு ஏழு மணிக்கு மேல் எரிந்தால் என்ன அர்த்தம் என்று வெளி ஆட்களுக்குத் தெரியாது. சொல்லிவிடுகிறேன். எதிரும் புதிருமாக வீடுகள், நடுவில் எட்டடிச் சந்து. இந்த வீட்டில் மிளகாய் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். அப்படிப்பட்ட தெருவில், நாலு வருஷத்துக்கு முன்னால், தனியாக இருந்த வடிவேல் என்ற பெரியவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. அந்த வெட்கம் தெருவையே பிடுங்கித் தின்றது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு உட்கார்ந்து பேசினார்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் பொழுது சாய்ந்ததும் வாசல் விளக்கைப் போடவேண்டும், காலை ஆறரைக்குள் அணைக்கவேண்டும். ஏழுக்கும் எரிந்தால் கதவைத் தட்டுவோம். தட்டியும் திறக்காவிட்டால் உடைப்போம். இதுதான் அவர்கள் போட்ட சட்டம்.

அந்தச் சட்டத்துக்குப் போலீஸ், நீதிபதி எல்லாமே ஆதிலட்சுமிதான். அறுபத்திரண்டு வயது. முப்பது வருஷம் பால்வாடி டீச்சராக இருந்தவள். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுதாலும் அதற்கு மேல் கேட்கிற குரல். கணவர் போய்ப் பதினாலு வருஷம். ஒரே மகன் சென்னையில். தினம் காலையில் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு நடை நடந்து ஒன்பது விளக்குகளையும் பார்த்துவிட்டு வந்துதான் அவள் காபியே குடிப்பாள்.

ஒன்பது நாள் முன்னால்தான் எதிர் வீட்டுக் கீழ் போர்ஷனுக்கு ஒருவர் குடிவந்திருந்தார். அவரோடு சேர்த்து விளக்கு பத்து ஆனது. எட்டு நாளும் ஆறரைக்கு டாண் என்று அணைத்துவிட்டார். பக்கத்து வீட்டு மணியம்மாள் சொல்லியிருப்பாள் என்று ஆதிலட்சுமி நினைத்துக்கொண்டாள். ஆதிலட்சுமி சொல்லியிருப்பாள் என்று மணியம்மாள் நினைத்துக்கொண்டாள். கடைசியில் அந்த மனுஷனிடம் யாருமே சொல்லவில்லை!

"ஐயா... ஐயா! கதவத் தொறங்க!"

மழைத் தூறலில் நின்று தட்டினாள். பதில் இல்லை. ஜன்னலைத் தட்டினாள். அதற்கும் இல்லை. அதற்குள் மணியம்மாள் தட்டுத்தடுமாறி வந்துவிட்டாள். கோடி வீட்டு தேவதாஸ், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனில் வந்தவர், எண்பது வயதிலும் முதுகு வளையாதவர், கையில் குடையோடு வந்து நின்றார். தெருவே அவரை 'முசே', அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடும்.

"டீச்சரம்மா, நேரத்த கடத்தாதீங்க. ஒடைங்க," என்றார் முசே.

ஆட்டோ முருகையன் கடப்பாறையைக் கொடுத்து நெம்பினான். தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு விழுந்தது. "கடவுளே... கடவுளே..." என்று ஆதிலட்சுமிதான் முதலில் உள்ளே ஓடினாள்.

அப்போதுதான் குளியலறைக் கதவு திறந்தது.

இடுப்பில் துண்டு. முகம் முழுக்க சோப்பு நுரை. ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு, இன்னொரு கண்ணைத் திறந்துகொண்டு, ஆறடி உயரத்தில் ஒரு மனிதர் நின்றார். அந்த ஒற்றைக் கண்... அடடா, என்ன கண் அது! அறுபத்தைந்து வயது முகத்தில் அப்படி ஒரு பளிச்சென்ற கண்ணை ஆதிலட்சுமி பார்த்ததே இல்லை. அது அவளையும், பிய்ந்து கிடந்த தாழ்ப்பாளையும், கடப்பாறையையும் மாறி மாறிப் பார்த்தது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது.

"உயிரோடதான் இருக்கீங்களா?"

"ஏன்? அதுல உங்களுக்கு ஏதாவது வருத்தமா?"

முருகையன் களுக்கென்று சிரித்துவிட்டான். ஆதிலட்சுமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அவ்ளோ தட்டு தட்டுறோம், காது கேக்கலியா?"

"கேக்காது."

"என்னாது?"

"காது கேக்காதுங்க. மிஷின் மேசை மேல இருக்குது. குளிக்கும்போது யாராவது காதுல கரண்டு மாட்டிக்குவாங்களா?" என்றவர், கீழே கிடந்த தாழ்ப்பாளை எடுத்துப் பார்த்தார். "நல்ல தாழ்ப்பாளு. பாவம்."

மணியம்மாள் சமாதானமாக ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஆதிலட்சுமி, "வாங்கக்கா, நல்லதுக்குக் காலம் இல்ல," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, மழையில் விடுவிடுவென்று நடந்துவிட்டாள். எட்டடி தூரம்தான். அந்த எட்டடிக்குள் அவள் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

*

மறுநாள் காலை ஆறரை. எதிர் வீட்டு விளக்கு அணைந்தது. உடனே எரிந்தது. மறுபடி அணைந்தது... மறுபடி எரிந்தது.

ஆதிலட்சுமி வாசலுக்கு வந்து முறைத்தாள்.

"உயிரோட இருக்கேன்னு சொன்னேங்க," என்றார் அவர் வாசற்படியில் நின்று. வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, காதில் மிஷின். இப்போது இரண்டு கண்ணும் திறந்திருந்தன. ஒன்றையே தாங்க முடியவில்லை, இது வேறா என்று அவளுக்கு இருந்தது. "நேத்து சாயங்காலம் மணியம்மா எல்லாத்தையும் சொன்னாங்க. எனக்கு விஷயம் தெரியாது டீச்சர். வாட்ச்மேன் வேல பாத்த பழக்கத்துலதான் வெளக்க போட்டு அணைச்சேன். சளி மாத்திரை போட்டுத் தூங்கிட்டேன். எழுந்ததும் வெளக்க மறந்துட்டு நேரா குளிக்கப் போயிட்டேன். கிண்டலா பேசுனதுக்கு மன்னிச்சிக்கங்க."

"தாழ்ப்பாள் போட்டுத் தரச் சொல்றேன்..." என்றாள் அவள், சுருதி இறங்கி.

"போட்டுட்டேன். ஸ்க்ரூ கொஞ்சம் லூசாத்தான் வெச்சிருக்கேன். அடுத்த வாட்டி உங்களுக்கு சுளுவா இருக்கும்."

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். சிரிப்பு கேட்கவில்லை, வந்துவிட்டது.

பேர் கலியமூர்த்தி. இங்கேதான் பஞ்சாலையில் தறி ஓட்டினார். ஆலை மூடியதும் வாட்ச்மேன் வேலை. மனைவி இறந்து மூணு வருஷம். அதற்குப் பிறகு மகள் சரிதாவோடு கடலூர் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருந்தார்.

"பொண்ணும் மாப்பிள்ளையும் தங்கமானவங்க. ஒரு குறை சொல்லக் கூடாது. ஆனா மூணு வருஷம் இருந்தேன் டீச்சர்... எதிர் கதவு யாருதுன்னு தெரியாது. லிஃப்டுல ஒரு ஆள் வருவாரு, செல்லப் பாத்துக்கினே வருவாரு, எறங்கிப் போயிடுவாரு. ஒரு நாள் எனக்கு மயக்கம் வந்து உக்காந்துட்டேன். ரெண்டு பேரு தாண்டிப் போனாங்க. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், முதலியார்பேட்டைக்கே போயிடணும்னு." அவர் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார். "வந்து ஒம்போதாம் நாளு, என் கதவ ஒடச்சிக்கினு ஒரு தெருவே உள்ள வந்துச்சு. துண்டோட நின்னனா, வெக்கம் புடுங்கித் தின்னுச்சு. எகத்தாளமா பேசிட்டேன். நீங்க எல்லாம் போனதும் உக்காந்து அழுதேன்."

ஆதிலட்சுமி சட்டென்று திரும்பினாள். உள்ளே போய் ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு மட்டும் அவள் தன் சட்டத்தையே மீறி, நடைக்கு முன்னால் காபி குடித்தாள். சும்மா, துணைக்கு.

அடுத்த நாளிலிருந்து காலை நடைக்கு அவரும் வந்தார். இடது பக்கம் அவர், வலது பக்கம் அவள். முன்பெல்லாம் விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவாள். இவர் ஒவ்வொரு வாசலிலும் நின்றார். மணியம்மாளின் சிலிண்டரை மாற்றிக் கொடுத்தார். முசேயின் ரேடியோவைப் பிரித்துப் பழுது பார்த்தார். பத்து நிமிட நடை முக்கால் மணி ஆனது. அவளுக்கு அது நீளமாகவே தெரியவில்லை.

தெரு சும்மா இருக்குமா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

"டீச்சரம்மா, வெளக்க பாத்து நடங்க... ஆள பாத்துக்கினே நடந்தா கல்லு தடுக்கும்," என்றாள் மணியம்மாள், பொக்கை வாயால் சிரித்து.

"போங்கக்கா, எழுபத்தஞ்சு வயசுல பேசுற பேச்சா இது!"

"எழுபத்தஞ்சுலதாண்டி பேச முடியும். அதுக்கு முன்னால புருஷன் இருந்தான்."

*

கார்த்திகை பிறந்த வாரம். நடையை முடித்துத் திரும்பும்போது சடசடவென்று பிடித்தது மழை. இரண்டு பேரும் ஓடிப்போய் இஸ்திரிக் கடைத் தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். கடை இன்னும் திறக்கவில்லை. தகரத்தில் மழை அடித்த அடியில் வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் காதிலிருந்த மிஷினைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தார். நனைந்தால் போச்சு.

"இனிமே உங்ககிட்ட பேசி பிரயோசனம் இல்ல," என்றாள் அவள்.

"ஏன்? பேசுங்களேன்."

"கேக்குதா?!"

"கேக்கல. தெரியுது." அவர் சிரித்தார். "தறிக்கூடத்துல இத விட சத்தம் டீச்சர். நூத்துக்கணக்குல தறி ஓடும். பக்கத்துல நிக்கிறவன் கத்துனாலும் கேக்காது. உதட்டப் பாத்துத்தான் பேசிக்குவோம். காலையில போனா சாயங்காலம் வரிக்கும் வம்பு, சண்டை, சிரிப்பு எல்லாம் சத்தமே இல்லாம நடக்கும். காது போச்சு, அந்தப் பழக்கம் போவல."

அப்படியென்றால்... இத்தனை நாளாக, பேசும்போதெல்லாம் இந்த மனுஷன் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது... ஆதிலட்சுமி சட்டென்று முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

பிறகு முந்தானையைக் கொஞ்சம் விலக்கி, "எவ்ளோ தூரத்துல இருந்து தெரியும்?" என்றாள்.

"சந்துக்கு அந்தாண்ட இந்தாண்ட தாராளமா தெரியும்." அவர் மழையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் பக்கம் திரும்பி, ஒன்றும் தெரியாதவர் மாதிரி சொன்னார். "முந்தாநாளு மாடியில துணி எடுக்கும்போது நீங்க தனியா பேசிக்கினு இருந்தீங்க. நானும் எதிர் மாடியிலதான் நின்னேன்."

"ஐயையோ..."

"'கண்ணப் பாரு கண்ண... இந்த வயசுல இப்டி ஒரு கண்ணு'ன்னு..."

"அது நான் பூனைய சொன்னேன்!"

"எந்தப் பூனை?"

"எங்க மாடிக்கு ஒரு பூனை வரும்!"

"சரிங்க," என்றார் அவர் பணிவாக. "பூனைக்கு ரொம்ப சந்தோஷம்னு சொல்லிடுங்க."

அறுபத்திரண்டு வயதில் ஒரு பெண் வெட்கப்பட்டால் எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களா? பதினாறு வயதில் பட்ட மாதிரியேதான் இருக்கும். தகரத்திலிருந்து சொட்டிய நீரில் கையை நீட்டிக்கொண்டு, அவர் பக்கம் திரும்பாமல் நின்றாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. நல்லவேளை, அவருக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா டீச்சர்," என்றார் அவர், மழைச் சத்தத்தில் கேட்கும்படி அவள் காதருகே குனிந்து. "என் பொண்டாட்டி போனப்புறம் யாரு பேசுனாலும் மிஷின் வழியாத்தான் வரும். கரகரன்னு, வேற யாரோ பேசுற மாதிரி. உங்க குரல் மட்டும்தான் மிஷின் இல்லாமலே வந்து சேருது."

அவள் நீட்டியிருந்த கையை இழுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மழை விட்டபோது, ஏன் இவ்வளவு சீக்கிரம் விட்டது என்று அவளுக்குக் கோபமாக வந்தது.

*

அந்த மழையில் அவர்கள் ஒதுங்கி நின்றதை யாரோ ஒரு சொந்தக்காரப் புண்ணியவான் பைக்கில் போகும்போது பார்த்திருக்கிறார். வியாழக்கிழமை சாயங்காலம் மகன் வெற்றிவேல் வீடியோவில் வந்தான். வீட்டுக்குள் டவர் கிடைக்காது. எப்போதும் போல ஜன்னலோரம் வந்து நின்று பேசினாள் ஆதிலட்சுமி.

"அம்மா, மழையில நனைஞ்சிக்கினு தெருத்தெருவா சுத்துறியாமே?"

"தெருத்தெருவா எங்கடா சுத்துறேன்? இருக்கிறதே ஒரு தெரு."

"வெளையாடாத. யாரோ ஒரு ஆளோட நின்னியாம். மாமா வீட்டுல எல்லாம் பேசிக்கிறாங்க. யாரும்மா அந்த ஆளு?"

அவள் தடுமாறிப் போனாள். மகன் குரலில் கோபத்தை விட அவமானம் அதிகமாக இருந்தது. அதுதான் அவளைச் சுட்டது. பதினாலு வருஷம் ஒரு சொல் விழாமல் வாழ்ந்தவள். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"அந்த ஆளா? அவரு யாரோடா. எனக்கும் அவருக்கும் என்னா? குடி வந்திருக்கிற ஆளு, வந்த மாதிரி நாளைக்குப் போயிடுவாரு. அவர போய் ஒரு ஆளுன்னு..."

"அப்போ கெளம்பி வா. ஞாயித்துக்கிழமை கார் எடுத்துனு வரேன். இங்க ரூம் ரெடியா இருக்குது. இனிமே அங்க யாரும்மா இருக்கா உனக்கு?"

"சரிடா... வரேன்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். எதிர் வாசலில் கலியமூர்த்தி நின்றிருந்தார். மாலை விளக்கைப் போட சுவிட்சில் வைத்த கை அப்படியே இருந்தது. கண்கள் அவள் உதட்டில் இருந்தன.

ஒரு சொல் விடாமல் பார்த்துவிட்டார்!

விளக்கைப் போட்டார். உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை நடைக்கு அவர் வந்தார். ஆனால் அவளுக்கு முன்பே கிளம்பி, இரண்டு பக்கமும் தானே பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். "எல்லாம் அணைஞ்சிருக்குதுங்க," என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. டீச்சர் என்றுகூடக் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை அவளால் தாங்க முடியவில்லை. நேராகப் போய் அவர் வாசலில் நின்றாள்.

"நான் நாளைக்கு ஊருக்குப் போறேன்."

"தெரியும்."

"ஒட்டுக் கேக்குறது தப்பு. ஒட்டுப் பாக்குறதும் தப்புதான்."

"எட்டடி சந்துங்க. கண்ண மூடிக்கினா நிக்க முடியும்?" அவர் தாழ்ப்பாளைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீங்க சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல. வந்த ஆளுதானே நான். நாளைக்குப் போனாலும் போவேன்."

"புள்ளகிட்ட நான் வேற எப்டி சொல்ல முடியும்? கொஞ்சமாவது யோசிக்கிறீங்களா?"

"யோசிச்சிட்டேன். உங்களுக்கு ஒரு பேரு இருக்குது. அதுக்கு என்னால ஒரு சின்ன கீறல்கூட வேணாம். நல்லபடியா போயிட்டு வாங்க."

போகாதீங்க என்று ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொன்னால் என்ன, குறைந்தா போய்விடுவார்? அவர் சொல்லவில்லை. சொல்லுங்கள் என்று இவளும் கேட்கவில்லை. கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமாம்! இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்றி இருபத்தேழு வயது, வீம்பு மட்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இருப்பது போல. வீட்டுக்கு வந்து பெட்டியில் புடவைகளை அடுக்கிக்கொண்டே அழுதாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வெற்றிவேலின் கார் சந்துக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றது. அவனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் டிக்கியில் வைத்தான். நல்ல பிள்ளை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மாத்திரை எடுத்துனியாம்மா? கண்ணாடி எடுத்துனியா?" என்று நாலு தரம் கேட்டான்.

தெருவே கார் வரைக்கும் வந்துவிட்டது. மணியம்மாள் எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள். கன்னத்தைத் தடவிவிட்டு நின்றாள். முசே விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"காலையில தெருவ யாரு பாத்துப்பாங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"நான் பாத்துக்குறேன்," என்றார் கலியமூர்த்தி. கூட்டத்துக்குப் பின்னால், சுவரோரம் நின்றிருந்தார். அவளைப் பார்க்கவில்லை.

ஆதிலட்சுமி கார்க் கதவில் கையை வைத்தாள். ஏறியிருப்பாள். காலைத் தூக்கியும் விட்டாள். அப்போது மகன், அம்மாவைத் தேற்றுவதாக நினைத்துச் சொன்னான்:

"கவலைப்படாதம்மா. அங்க எல்லாம் இருக்குது. லிஃப்ட், வாட்ச்மேன், கேமரா. நானும் உன் மருமகளும் வேலைக்கு எட்டு மணிக்குக் கெளம்பினா ராத்திரி எட்டுக்குள்ள வந்துடுவோம். நடுவுல உன்ன யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

யாரும் தொந்தரவு பண்ண மாட்டார்கள்... காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரைக்கும்...

தூக்கிய காலைக் கீழே வைத்தாள்.

"நான் வரலடா வெற்றி."

"என்னம்மா, கடைசி நேரத்துல..."

"உன் மேல கோவம் இல்ல. நீ ராஜாவாட்டம் வெச்சிப்ப, எனக்குத் தெரியும். ஆனா எனக்கு தொந்தரவு வேணும்டா. இந்த அக்கா என்ன கிண்டல் பண்ணணும். முசே வந்து பேப்பர் கேக்கணும். நாலு பேரு என் கதவத் தட்டணும். நான் நாலு கதவத் தட்டணும். அது இல்லன்னா நான் சும்மா மூச்சு விட்டுக்கினு கெடப்பேன், அவ்ளோதான்."

"சரிம்மா, தெருவ விட்டு வர மனசு இல்ல, புரியுது. ஆனா ஊருல பேசுறாங்களே..."

"அதுக்கும் வரேன்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். அடுத்து வந்தது டீச்சர் குரல். நாற்பது பிள்ளைகளை அடக்கிய குரல். "உங்கிட்ட நான் ஒரு பொய் சொல்லிட்டேன். அன்னிக்கு போன்ல, அவரு யாரோன்னு சொன்னேன் பாரு... அது பொய். அவரு யாரோ இல்ல. எனக்கு அவர புடிச்சிருக்குது. காலையில எழுந்தா அவரு மொகத்த பாக்கணும்னு இருக்குது. உங்கப்பாவ நான் மறக்கல, சாகுற வரிக்கும் மறக்க மாட்டேன். ஆனா இதுவும் நெஜம். உனக்கு பயந்து, ஊருக்கு பயந்து, ஒரு நல்ல மனுஷன யாரோன்னு சொல்லிட்டேன். அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

சந்து முனையில் தெருவே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. முருகையன்கூட ஆட்டோவை அணைத்துவிட்டான்.

வெற்றிவேலின் முகம் வெளுத்துவிட்டது. அம்மாவைப் பார்த்தான். சுவரோரம் நின்றவரைப் பார்த்தான். போய் காரின் முன்பக்கத்தில் சாய்ந்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டான். முசே போய் அவன் பக்கத்தில் நின்றார். தோளில் கை போட்டார்.

கலியமூர்த்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். காதில் மிஷின் இருந்தது. ஆனாலும் கேட்டது நிஜம்தானா என்று நம்ப முடியாதவர் போல வந்தார். அந்தக் கண்கள் இரண்டும் நனைந்திருந்தன. அவளுக்கு எதிரில் வந்து நின்றார்.

"டீச்சர்... எனக்கு சட்டுனு பேச வராது. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். தனியா செத்துக் கெடப்பமோன்னு ஒரு பயம். அந்த பயத்துலதான் இந்தத் தெருவுக்கு வந்தேன். நீங்க எல்லாரும் என் கதவ ஒடச்ச அன்னிக்கே அது போயிடுச்சு. ஆனா வியாழக்கிழமையில இருந்து வேற ஒரு பயம் புடிச்சிக்கிச்சு. இது அத விட மோசமா இருக்குது."

"என்னா பயம்?" என்றாள் அவள். தெரியும்தான். இருந்தாலும் கேட்டாள்.

"நீங்க போயிட்டா, நான் உயிரோட இருந்து என்னா பண்ணப் போறேன்னு." அவர் இன்னும் ஒரு அடி கிட்டே வந்தார். "நேத்தே சொல்லியிருக்கணும். வீம்பு. போவாதீங்க... ஆதிலட்சுமி."

பதினாலு வருஷமாக அவளை யாரும் முழுப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மா, அக்கா, டீச்சர்... அவ்வளவுதான். தன் பேர் இவ்வளவு அழகானதா என்று நினைத்தாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"போவல," என்றாள்.

மணியம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு, "இத சொல்றதுக்கு ஒரு காரு வரவேண்டியதாப் போச்சு," என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். வெற்றிவேல் மட்டும் சிரிக்கவில்லை. நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. நேராகக் காருக்குப் பின்னால் போய், டிக்கியைத் திறந்து, பெட்டியை இறக்கினான். தோளில் தூக்கி வைத்துக்கொண்டு சந்துக்குள் நடந்தான். அம்மா பின்னாலேயே ஓடினாள். தெருவும் பின்னாலேயே வந்தது.

வீட்டு வாசலுக்கு வந்ததும் அவன் நின்றான். இந்தப் பக்கம் அம்மாவின் வீட்டைப் பார்த்தான். அந்தப் பக்கம் கலியமூர்த்தியின் வீட்டைப் பார்த்தான். பெட்டி தோளில் இருந்தபடியே, திரும்பாமல் கேட்டான்.

"எங்கம்மா வைக்கணும்? இந்த வீட்டுலயா... அந்த வீட்டுலயா?"

ஆதிலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முகம் கழுத்து வரை சிவந்தது.

"நம்ம வீட்டுலதான்டா வை," என்றாள். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் சேர்த்துக்கொண்டாள். "இப்போதைக்கு..."